புற்றுநோய்ச் சிகிச்சையும் நோயாளர் சம்மதமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழாப் பந்தலிலே புற்றுநோயைப் பற்றிப் பேசலாமா என்று விழாக் குழுவினர் சிலர் நம்மைக் கேட்டனர். அவர்களுடைய தயக்கம் நமக்கு விளங்காததன்று. நம்மூரிலே இந்நோயின் பெயரைச் சொல்லவே நாக்கூசுகிறது. "அந்த வருத்தம்" என்றும் "கூடாத வருத்தம்" என்றும் சுற்றி வளைத்துச் சொல்கிறோம். பெயரைச் சொல்ல அஞ்சுகின்ற நோயைப் பற்றிச் சபையிலே வாய் திறந்து பேசவேண்டும் என்பதற்காகவே இப்பொருளை எடுத்துக்கொண்டோம். நாம் வைத்தியர் அல்லோம். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் மாணவர். கற்றதிற் சிறிதும், கண்டதிற் சிறிதுமே சொல்லப் புகுகின்றோம். பிழையிருப்பிற் பெரியோர் பொறுத்தருள்க.

முதலிற் கண்டதைச் சொல்லுவோம். எங்கள் பெரியப்பா ஒருவர் வயல் செய்து வாழ்ந்தவர். வெற்றிலை வட்டா அவர் பக்கத்தை விட்டு அகன்றதை நாம் பார்த்ததில்லை. ஒரு நாள் ரொட்டி விழுங்கும்போது நெஞ்சுக்குள் அடைக்கிறது என்றார். சில வாரத்திற் சோறும் அடைத்தது. தண்ணீர் குடித்து இறக்கினார். கஞ்சியும் அடைக்கத் தொடங்கிய பிறகே வைத்தியசாலைக்குப் போனார். அதற்குள் ஆறு மாதங்கள் கழிந்துவிட்டன. கமரா விட்டுப் பார்த்து, சிறு துண்டு எடுத்துச் சோதித்து, உணவுக் குழாயிற் புற்றுநோய் என்று சொன்னார்கள். சொன்னது எங்களுக்கு, அவருக்கன்று. "அவருக்குத் தெரியவேண்டாம், டாக்டர்" என்று கேட்டுக்கொண்டவர்கள் நாங்களே. அவரிடம் "தொண்டையிலே புண்" என்று மட்டும் சொன்னோம்.

வாரந்தோறும் மருந்து ஏற்றவும், 23 நாள் கதிர்ச் சிகிச்சை கொடுக்கவும் வைத்தியர்கள் ஒழுங்கு செய்தனர். இரண்டாம் வாரத்திலே பெரியப்பா சலித்துப் போனார். புண்ணுக்கு இத்தனை பாடா என்று கேட்டார். வயல் கிடந்து பாழாகிறது என்றார். ஒருவர் சொல்லும் கேளாமல் இரவு பஸ்ஸேறி வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் செய்தது பிழையென்று எவ்வாறு சொல்வது? தமக்கு இருப்பது புண்தான் என்று நம்பிய மனிதர், புண்ணுக்குத் தக்க பொறுமையையே காட்டினார். ஐந்து மாதத்தின் பின், ஒரு துளி நீரும் இறங்காத ஓரிரவில் அவர் நம் கையைப் பிடித்து, "இது என்ன வருத்தம்? உண்மையைச் சொல்லு மனே" என்றார். "புண்தான் பெரியப்பா. கொஞ்ச நாளையில மாறிரும்" என்றோம். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பதிலை நாம் இன்றுவரை மறக்கவில்லை.

கதிர்ச் சிகிச்சைக்குக் காத்திருந்த வரிசையிலே மருதமுனையைச் சேர்ந்த கைத்தறி நெசவாளர் ஒருவரும் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பார். அதே நோய், ஏறத்தாழ அதே வயது. அண்மையில் அவரைக் கல்முனைச் சந்தையிற் கண்டோம். மெலிந்திருந்தார், ஆயினும் தாமே வந்து மீன் வாங்கிக்கொண்டிருந்தார். "எனக்கு வந்தது கேன்சர் எண்டு மகன் முதல் நாளே சொல்லிட்டான் தம்பி. 23 நாளையும் எண்ணி எண்ணி முடிச்சேன்" என்றார்.

சபையோரே, இவ்விரண்டு பேரை வைத்து முடிவு கட்டலாமா? ஒருவர் சிகிச்சையை முடித்தார், பிழைத்தார். ஒருவர் விட்டார், இறந்தார். ஆகவே சிகிச்சை நல்லது என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. ஒருவருடைய கட்டி சிறிதாயிருந்திருக்கலாம், மற்றவருடையது பரவியிருந்திருக்கலாம். பெரியப்பா 23 நாளையும் முடித்திருந்தாற் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவும் மாட்டோம். இரண்டு பேரை வைத்துச் சொல்ல முடியாததை இருநூறு, முந்நூறு பேரை வைத்து நேர்மையாகச் சொல்வதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழியே சிகிச்சை ஆராய்ச்சி.

அதன் தொடக்கம் எளியது. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், பல்லீறு அழுகும் ஸ்கர்வி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு பரிகாரம் கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்டவர்களே விரைவிற் தேறினர். ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது என்பது அங்கே புலப்பட்டது. பின்னர் 1948ஆம் ஆண்டிலே பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிச் சபை, சயரோகத்துக்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்த ஆய்வை வெளியிட்டது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பது வைத்தியரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை; திருவுளச் சீட்டுப் போடுவதுபோல முடிவு செய்யப்பட்டது. தேறக்கூடியவருக்கு நல்ல மருந்தைக் கொடுத்துவிட்டு மருந்தைப் புகழும் தவறு அதனால் நீங்கியது.

உணவுப் பாதைப் புற்றுநோய்க்கு இதனால் விளைந்தது யாது? 1881ஆம் ஆண்டில் வியன்னா நகரிலே பில்ரோத் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு பெண்ணின் இரைப்பையிலிருந்த புற்றுக்கட்டியை வெற்றியாக வெட்டி அகற்றினார். உலகம் வியந்தது. ஆனால் அப்பெண் வாழ்ந்தது ஏறத்தாழ நான்கு மாதங்களே. வெட்டி எடுப்பது மட்டும் போதாது என்பது நூறாண்டு அநுபவத்திலே தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத விதைகள் முன்னரே சிதறிவிடுகின்றன. அப்படியானால் வெட்டுவதற்கு முன்பே மருந்தும் கதிரும் கொடுத்தால் என்ன?

இக்கேள்வியை ஒல்லாந்து நாட்டு வைத்தியர்கள் 2004 முதல் 2008 வரை 366 நோயாளரிடம் வைத்தார்கள். ஒரு பாதியினருக்கு நேரே சத்திரசிகிச்சை. மறுபாதியினருக்கு ஐந்து வாரம் மருந்தும் 23 தடவை கதிரும் கொடுத்து, அதன் பிறகு சத்திரசிகிச்சை. 2012இல் முடிவு வெளியாயிற்று. நேரே வெட்டப்பட்டவர்களிற் பாதிப் பேர் 24 மாதத்துக்குள் இறந்திருந்தனர். முன்சிகிச்சை பெற்றவர்களிற் பாதிப் பேர் 49 மாதத்துக்கு மேல் வாழ்ந்தனர். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது முதற் கூட்டத்தில் 100க்கு 25 பேரும், இரண்டாங் கூட்டத்தில் 38 பேரும் உயிரோடிருந்தனர். புகையிலையோடும் வெற்றிலையோடும் தொடர்புடையதாய் நம் நாட்டில் மிகுதியாகக் காணும் செதிட்கல வகையிலே பயன் இன்னும் கூடுதலாயிருந்தது.

பெரியப்பாவுக்குச் சொன்ன 23 நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அஃது ஒரு வைத்தியர் மனத்திற் தோன்றிய எண்ணன்று. முகமறியாத 366 பேர் தம் உடலைக் கொடுத்துக் கண்டறிந்த எண். நாம் மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில் "என் அயலான் யார்?" என்று ஒருவன் கேட்ட கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கடல் கடந்த ஊரிலே சீட்டு விழுந்த பக்கம் நின்று, தமக்குப் பயன் கிட்டுமோ கிட்டாதோ என்று அறியாமலே சம்மதித்த அந்த மனிதர்களும் நமக்கு அயலாரே.

ஆராய்ச்சி ஓரிடத்தில் நின்றுவிடுவதுமில்லை. யப்பானிலே 601 செதிட்கல நோயாளரிடம் மூன்று வழிகளை ஒப்பிட்டு 2024இல் வெளியிட்ட ஆய்வில், சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டு மருந்து கொடுப்பதிலும் மூன்று மருந்து கொடுப்பது மேலானதென்று தெரிந்தது. நேற்றைய உண்மையை இன்று திருத்திக்கொள்ளும் இந்தத் துணிவே விஞ்ஞானத்தின் பெருமை.

இனி, நோயினால் வரும் இடர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். உணவுப் பாதைப் புற்றுநோயாளர் பலரை வதைப்பது கட்டி மட்டுமன்று. அதனால் வரும் அடைப்பு, இரத்தப் பெருக்கு, உடல் மெலிவு, மனச்சோர்வு ஆகியவையுமாம். குணப்படுத்த முடியாத நிலையிலுங்கூட இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. உணவுக் குழாய் அடைத்தால், விரிந்து நிற்கும் கம்பிவலைக் குழாய் ஒன்றை உள்ளே வைத்து வழி திறக்கலாம். அல்லது குழாயின் உள்ளிருந்தே கதிர் பாய்ச்சலாம். எது நல்லது? 209 நோயாளரிடம் ஒப்பிட்டு 2004இல் ஒல்லாந்தர் விடை சொன்னார்கள்: கம்பிவலை விரைவிற் சுகம் தருகிறது, கதிரின் சுகம் மெதுவாக வந்து நெடுநாள் நிற்கிறது. ஆகவே நாள் குறைந்தவருக்கு ஒன்று, நாள் உள்ளவருக்கு மற்றொன்று. ஒரு மிடறு கஞ்சியை நோவின்றி விழுங்குவதற்கும் ஆராய்ச்சி துணைநிற்கிறது.

சீனத்திலே செய்த மற்றோர் ஆய்வு நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது. நோய் பரவிவிட்ட உணவுக் குழாய், இரைப்பைப் புற்றுநோயாளர் 328 பேரிடம் அது நடைபெற்றது. எல்லாருக்கும் மருந்து உண்டு. ஒரு பகுதியினருக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே ஊட்டமும் மன ஆறுதலும் முறையாகக் கவனிக்கப்பட்டன. அவர்கள் வாழ்ந்த காலத்தின் நடுவளவு ஏறத்தாழ 15 மாதம். மற்றவர்களுக்கு 12 மாதம். கஞ்சியும் கனிவும் மூன்று மாத ஆயுளைக் கூட்டின.

இளைஞர்களுக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லுவோம். பெருங்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் மருந்தும் முடித்த 889 பேரிடம் செய்த ஆய்வு 2025இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினர் பயிற்றுநரின் வழிகாட்டலில் மூன்றாண்டு காலம் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தனர். மற்றவர்களுக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும் கொடுக்கப்பட்டது. ஐந்தாண்டின் பின் நோய் மீளாமல் வாழ்ந்தவர்கள் முதற் பகுதியில் 100க்கு 80 பேர். மற்றப் பகுதியில் 74 பேர். நோய்ப்பட்டவரைப் பாயோடு பாயாகக் கிடத்துவதே அன்பு என்று எண்ணுகிறோமே, அந்த எண்ணத்தை இவ்வாய்வு அசைத்துவிட்டது.

இவ்வளவும் கேட்டபின் பெரியோர் ஒருவர், "தம்பி, எங்களைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்களோ?" என்று வினவலாம். அந்த அச்சம் அடியோடு பொய்யன்று. 1999-2000 காலத்திலே திருவனந்தபுரத்தில் வாய்ப் புற்றுநோயாளர் சிலரிடம் ஒரு புதிய மருந்து சோதிக்கப்பட்டது. அதில் ஈடுபட்ட ஆராய்ச்சியாளர் ஒருவர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். தனது அனுமதி பெறாமலே அவர் அதை நடத்தினார் என்று அப்பல்கலைக்கழகம் 2001இற் கண்டறிந்தது. இத்தகைய தீமை நேராமற் காப்பதற்கென்றே வேலிகள் இடப்பட்டுள்ளன. உலக வைத்தியர் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் ஒரு பிரகடனம் செய்தது. அதன் வழிவந்த விதிகளின்படி, ஓர் அறநெறிக் குழு ஆய்வை முன்னரே ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும். நோயாளருக்கு நன்மை தீமை இரண்டையும் விளக்கி அவர் சம்மதம் பெறவேண்டும். எப்போது விரும்பினாலும் அவர் விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையலாகாது. நம் நாட்டிலும் ஆய்வுகளைப் பகிரங்கமாகப் பதிவதற்கு 2006இல் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது.

இவ்வேலிகள் எல்லாவற்றிற்கும் நடுத்தூண் சம்மதமே. சம்மதம் யாருடையது? நோயாளருடையது. நோயின் பெயரே அறியாதவர் எதற்குச் சம்மதிப்பார்? ஆராய்ச்சிக்கு மட்டுமன்று, வழக்கமான சிகிச்சைக்கும் இக்கேள்வி பொருந்தும். எதிர்த்து நிற்பது என்னவென்று தெரியாதவனைப் போருக்கு அனுப்பிவிட்டு, அவன் பாதியிற் திரும்பினான் என்று குறை சொல்கின்றோம்.

நம்முடைய பெரியோர் மறைப்பது கல்நெஞ்சினால் அன்று, அன்பினாலேயே மறைக்கிறார்கள். கேட்டவுடன் மனமுடைந்து போய்விடுவார் என்று அஞ்சுகிறார்கள். அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. நாமும் அவ்வாறே செய்தோம். ஆயினும் அவ்விரவிலே பெரியப்பா கேட்டது மருந்தையன்று, உண்மையை. சுவர்ப் பக்கம் திரும்பியபோது அவர் எல்லாம் அறிந்தே இருந்தார் என்று இன்று எண்ணுகிறோம். நோயை அவருக்கு மறைத்ததாக நினைத்தோம்; நடந்ததோ, அவரைத் தனியே விட்டதுதான். சொல்லவேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சிற் கொட்டவேண்டும் என்பதன்று. "உங்கள் வருத்தத்தைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்?" என்று அவரிடமே கேட்கலாம். வேண்டாம் என்றால் அதுவும் அவர் உரிமை. அந்த உரிமையை அவருக்குப் பதிலாக நாம் எடுத்துக்கொள்வதே தவறு.

காலந்தாழ்த்துவதன் கொடுமைக்கு ஒரு வரலாறு சொல்லுவோம். சென்னையிலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையார் குடற் புற்றுநோயால் இளவயதில் இறந்தார். தொடக்கத்தில் அதை வயிற்றுளைவு என்றே கருதியிருந்தனர். அந்தத் துயரம் அவ்வம்மையாரை விடவில்லை. அவர் முயற்சியால் அடையாற்றிலே புற்றுநோய் நிலையம் எழுந்தது. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் நிலையம் தன் பணியைத் தொடங்கியது. இன்றும் நம்மூரில் மலத்தோடு இரத்தம் போனால் "மூலம்" என்று சொல்லிக் கைமருந்து தேடுகின்றோம். மூலமாகவே இருக்கலாம். அஃதல்லவென்று உறுதிப்படுத்துவது வைத்தியர் வேலை.

சொல்வதற்குச் சொற்களும் வேண்டும். மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டில் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷனரி வைத்தியர், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். நமக்கு அயலூரான காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், கல்முனை மிஷன் பாடசாலையிலும் படித்தவர். விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். விஞ்ஞானத்துக்குத் தமிழ்க் கலைச்சொல் ஆக்கும் பணியிலே முன்னின்றவர். அவர்கள் நமக்குச் சொற்களை வைத்துச் சென்றார்கள். நோயாளியின் கட்டிலண்டை அவற்றைப் பேசுவதற்கு நாவே நம்மிடம் இல்லை.

ஆகவே நம் சங்கத்து இளைஞர் முன் மூன்று வேண்டுகோளை வைக்கின்றோம்.

முதலாவது, அடையாளங்களை வீடுதோறும் சொல்லுங்கள். விழுங்குவதிற் தடை, காரணமின்றி மெலிதல், மலத்தில் இரத்தம் அல்லது கரிய மலம், மலங்கழிக்கும் வழக்கம் மாறிப் பல வாரம் நீடித்தல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாது வைத்தியரிடம் போகவேண்டும். கல்முனையிலே இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிற் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. மகரகமையில் அபேக்ஷா வைத்தியசாலை உண்டு. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இலும், புகையிலை சேராவிட்டாலும் பாக்கு அவ்வாறே என்று 2004இலும் உரைத்துவிட்டது. வட்டா நம் இரு சமூகத்தாருக்கும் பொதுவான உபசாரப் பொருள். விருந்தினரை உபசரிக்க வேறு வழி காண்பதும் இரு சமூகத்தாருக்கும் பொதுவான கடமை.

இரண்டாவது, துணையாகச் செல்லுங்கள். மகரகமைக்குப் போகும் நோயாளருக்குச் சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த இளைஞர் ஒருவர் உடன் போனால், வைத்தியர் சொல்வது நோயாளர் காதிலே தமிழாக விழும். போகிறவர் கொப்பி ஒன்று கொண்டுபோய், கொடுத்த மருந்து, கொடுத்த நாள், அடுத்த தவணை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். நோயாளர் பாண்டிருப்பாரோ, மருதமுனையாரோ, சாய்ந்தமருதாரோ என்று பார்க்கவேண்டாம். அந்த வரிசையிலே எவரும் அப்படிப் பார்த்ததை நாம் காணவில்லை.

மூன்றாவது, கேள்வி கேளுங்கள். ஓர் ஆய்விற் சேரும்படி அழைத்தால் அஞ்சி ஓடவும் வேண்டாம். வாசிக்காமல் ஒப்பமிடவும் வேண்டாம். இது யாருடைய அனுமதி பெற்றது? எனக்கு என்ன நன்மை? என்ன தீங்கு வரலாம்? விலகலாமா? இந்நான்கையும் தமிழிலே கேட்டு, தமிழிலே விடை பெற்று, நோயாளரே முடிவு செய்யட்டும். அவர் சம்மதித்தால், எங்கோ பிறக்கப் போகும் ஒருவருக்குத் தம் பங்கைக் கொடுத்தவராவார். மறுத்தால், அதுவும் அறிந்து செய்த முடிவாகும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வரம் கேட்டு முடிக்கின்றோம். நாளை உங்களுள் ஒருவர் நோயுற்று, எங்கள் கையைப் பிடித்து உண்மையைக் கேட்டால், அதைச் சொல்லும் துணிவை எங்களுக்குத் தாருங்கள். "எனக்கு வந்தால் என்னிடம் சொல்லு" என்று உங்கள் பிள்ளைகளிடம் இன்று இரவே சொல்லி வையுங்கள். பெரியப்பாவுக்கு நாம் சொல்லாத மறுமொழியை இனி எந்த வீட்டிலும் எவரும் விழுங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.